கோழிகளுக்கு 9 வாரத்திலிருந்தே லேயர் மேஷ் (முட்டையிடும் கோழிக்கான தீவனம்) போட்டுவிட்டேன். இனி என்ன செய்வது?

முசிறி மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். திருச்சி மாவட்டம், முசிறிக்கு வடக்கே எங்கள் ஊர். இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறோம். மாமனார் காலத்தில் மாடு கட்டிய கொட்டகை சும்மா கிடந்தது. மகளிர் குழுவில் கடன் வாங்கி, கம்பி வலை அடித்து, வெள்ளை லெகார்ன் என்னும் முட்டைக்கோழி இனத்தில் 120 குஞ்சுகளை ஒரு நாள் வயதில் இறக்கினேன். கூண்டு கிடையாது. தரையில் கடலைத்தோல் பரப்பி வளர்க்கிறேன்.

முதல் 8 வாரம் குஞ்சுத் தீவனமான சிக் மேஷ்தான். மூன்று குஞ்சுகள் போயின, அது வழக்கம் என்றார்கள். ஒன்பதாவது வாரம் தீவனக் கடைக்குப் போனபோது வளரும் கோழிக்கான குரோயர் மேஷ் இருப்பில் இல்லை. கடைக்காரர், "லேயர் மேஷே போடுங்கள். சத்து அதிகம், சீக்கிரம் முட்டைக்கு வந்துவிடும்" என்றார். மூட்டைக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. கடன் தவணை நினைவுக்கு வந்தது, சீக்கிரம் முட்டை என்ற சொல் இனித்தது, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது 14 வாரம் முடிகிறது. கடந்த பத்து நாளில் நான்கு கோழிகள் செத்துவிட்டன. முதல் நாள் ஒதுங்கி, சிறகைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி நிற்கிறது. மறுநாள் இல்லை. நான்காவதைக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனேன். மருத்துவர் அறுத்துக் காட்டினார். ஈரல் மீதும் இதயத்தின் மீதும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைப் படலம். விரலால் தேய்த்தால் மாவாக ஒட்டியது. சிறுநீரகம் வீங்கி வெளுத்திருந்தது. "என்ன தீவனம் போடுகிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். "இன்றே நிறுத்துங்கள், தண்ணீர் தாராளமாக வையுங்கள்" என்று சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

நிறுத்திவிட்டேன். இருக்கும் 113 கோழிகளுக்கு இனி என்ன போடுவது? எப்போது மாற்றுவது? என்னிடம் சொந்த மக்காச்சோளம் இருக்கிறது. நானே கலந்து போட முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொல்லைக்கோழி:

சகோதரி, இந்த மேஷ், மூட்டை எல்லாமே வியாபாரம். என் பாட்டி காலத்தில் யார் கால்சியம் கணக்குப் பார்த்தார்கள்? காலையில் ஒரு பிடி கம்பு, மீந்த சோறு, திறந்துவிட்டால் தானே மேய்ந்து வரும். ஒரு கோழியும் இப்படிச் செத்ததில்லை. உங்கள் கோழிகளையும் திறந்துவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

பழைய மேற்பார்வையாளர்:

அம்மணி, நாமக்கல் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் 31 வருடம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வீட்டுக்குப் பின்னால் 60 கோழிகள், பழக்க தோஷம்.

முதலில் அந்த வெள்ளைப் படலம். அதைப் பார்த்ததும் தின்ற சுண்ணாம்புதான் ஒட்டியிருக்கிறது என்று எல்லாரும் நினைப்பார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் நினைத்தேன். அது சுண்ணாம்பு அல்ல, யூரிக் அமில உப்பு. நமக்குச் சிறுநீராகப் போவது கோழிக்கு எச்சத்தின் மேல் வெள்ளையாகப் போகிறது. அதை வடிகட்டுவது சிறுநீரகம். அளவுக்கு மீறிய கால்சியத்தை வெளியே தள்ளித் தள்ளிச் சிறுநீரகம் கெட்டுவிட்டால், வெளியேற வேண்டிய அந்த உப்பு உடம்புக்குள்ளேயே ஈரல், இதயம் என்று படிந்துவிடும். தண்ணீர் தட்டுப்பாடும் இதே நிலைக்குக் கொண்டுவரும். சில நோய்களும் கொண்டுவரும். அதனால் தண்ணீர்க் குவளைகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆனால் ஐந்து வாரம் லேயர் மேஷ் போயிருக்கிறது என்றால் வேறு காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஏன் என்றால், சிக் மேஷிலும் குரோயர் மேஷிலும் கால்சியம் சுமார் 1 சதவீதம். லேயர் மேஷில் மூன்றரை முதல் நான்கு. நான்கு மடங்கு! முட்டையிடும் கோழிக்கு அது போகும் வழி இருக்கிறது, ஒவ்வொரு நாளும் ஓடாக வெளியே போய்விடும். 10 வாரக் கோழிக்கு எந்த வழி இருக்கிறது? கடைக்காரர் சொன்ன "சத்து அதிகம்" என்பதில் பாதி கல்லின் எடை.

சீக்கிரம் முட்டைக்கு வரும் என்பதும் பொய். முட்டையைக் கொண்டுவருவது வயது, உடல் எடை, வெளிச்சம். கால்சியம் அழைத்தால் முட்டை வராது.

கெட்ட செய்தியையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் அதிகம் பழுதான கோழிகள் திரும்பாது. இன்னும் சில போகும், ஒன்றிரண்டு முட்டைக்கு வந்த பிறகும் போகும். அதற்குப் பயந்து கண்ட மருந்தையும் ஊற்றாதீர்கள். மருந்து மருத்துவர் வேலை. நம் வேலை தண்ணீர். தின்னும் தீவனத்தைப் போல் எடையில் இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், வெயில் காலத்தில் அதற்கும் மேல். 113 கோழிக்கு இந்த வயதில் நாளுக்கு எட்டரைக் கிலோ தீவனம் என்றால் 17 லிட்டர். குவளை மதியம் காலியாகிக் கிடந்தால் நீங்கள் தீவனத்தில் செய்யும் எதுவும் உதவாது.

கொல்லைக்கோழி அண்ணாச்சிக்கு ஒரு சொல். உங்கள் பாட்டியின் கோழி பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். வருடத்துக்கு 60, 70 முட்டை. எருக்குழியில் கிளறி, நத்தையும் புழுவும் தின்று, அந்த எழுபதுக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளும். லெகார்ன் அடைக்கே உட்காராது, வருடத்துக்கு 300 இடும். அந்த உடம்புக்கு ஒரு பிடி கம்பு என்பது, நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவனுக்கு ஒரு டம்ளர் நீராகாரம் கொடுத்து அனுப்புவது போல. உங்கள் பாட்டி சரிதான். கோழிதான் வேறு.

இனி குரோயர் மேஷுக்குத் திரும்புங்கள். வேறு தீவனத்துக்கு மாறும்போது ஐந்தாறு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுவதுதான் முறை, ஆனால் உங்கள் விஷயத்தில் காத்திருக்க வேண்டாம், நாளைக் காலையே முழுதாக மாற்றிவிடுங்கள். குரோயர் மேஷில் புரதம் 16 சதவீதம் ஒட்டி இருக்கும், போதும். இந்த வயதில் கோழி எலும்பையும் உடம்பையும் கட்டுகிறது, அவசரப்படுத்தக் கூடாது. பத்துப் பன்னிரண்டு கோழிகளை வாரம் ஒருமுறை சாக்கில் போட்டு எடை பாருங்கள். 18 வாரத்தில் 1,200 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். சராசரியைவிட முக்கியம், ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசம் இல்லாமல் இருப்பது. வித்தியாசம் பெரிதாக இருந்தால் தீவனத்தில் குறை இல்லை, தீவனத் தொட்டி போதவில்லை என்று பொருள். பலசாலிகள் தின்றுவிட்டு நகர்ந்த பிறகு இளைத்தவை வந்து தூளை நக்குகின்றன.

இன்னொன்று, கொட்டகையில் இரவு விளக்குப் போடாதீர்கள். வளரும் கோழிக்கு வெளிச்சத்தைக் கூட்டக் கூடாது.

முசிறி மருமகள்:

ஐயா, மிக்க நன்றி. நேற்று இரவு இதைப் படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. காலையில் முதல் வேலையாகக் குவளைகளைப் பார்த்தேன். நான்கில் ஒன்று சாய்ந்து கிடந்து அந்தப் பக்கமே காய்ந்திருந்தது. இன்னும் இரண்டு வாங்கிவிட்டேன். வேறு கடையில் இரண்டு மூட்டை குரோயர் மேஷ் கிடைத்தது.

எடையும் பார்த்தேன். பன்னிரண்டில் மூன்று கோழிகள் 800 கிராம்கூட இல்லை, இரண்டு 1,050. தொட்டி போதவில்லை என்று நீங்கள் சொன்னது சரி.

சொந்தக் கலவை பற்றிச் சொல்லவில்லையே? மக்காச்சோளம் எட்டு மூட்டை வீட்டில் இருக்கிறது. எங்கள் ஊர்ச் செக்கில் கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கும். கொழுந்தன் சோயா மொச்சை கொஞ்சம் கொண்டுவந்து வைத்திருக்கிறார், அதையும் அரைத்துப் போடலாமா?

மில் கணக்கர்:

நான் தீவன ஆலையில் சரக்கு வாங்கும் பிரிவில் இருக்கிறேன். அம்மா கேட்டதில் இரண்டு ஆபத்து ஒளிந்திருப்பதால் இடையில் வருகிறேன்.

சோயா மொச்சையைப் பச்சையாக அரைத்துப் போடவே போடாதீர்கள். அதில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. முறையாகச் சூடுபடுத்தினால்தான் அது அழியும். ஆலையில் எண்ணெய் எடுத்து, வறுபட்டு வரும் சோயா புண்ணாக்குதான் தீவனத்துக்கு. அதில் புரதம் 45 சதவீதம்.

கடலைப் புண்ணாக்கிலும் புரதம் ஏறக்குறைய அந்த அளவு இருக்கும். ஆனால் அதைக் கண்டாலே எங்கள் ஆட்கள் முகர்ந்து பார்ப்பார்கள். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் செத்து விழுந்தன. என்ன நோய் என்றே தெரியாமல் அதற்கு எக்ஸ் நோய் என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பிடிபட்டது பிரேசிலிலிருந்து கப்பலில் வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். ஈரலைத் தாக்கும். செக்குப் புண்ணாக்கு ஈரமாக, சூடாக வெளியே வருகிறது. அப்படியே சாக்கில் கட்டினால் உள்ளே பூஞ்சைக்கு விருந்து. உங்கள் கோழிகளுக்கு ஏற்கெனவே சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது, ஈரலையும் சேர்த்துக் கெடுக்க வேண்டாம். இந்தத் தொகுதிக்குக் கடலைப் புண்ணாக்கை மறந்துவிடுங்கள்.

மக்காச்சோளமும் அதே பூஞ்சைக்கு இலக்குதான். காய்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி ஒன்று: நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சோளமும் ஒரு பிடி வறுத்த தூள் உப்பும் போட்டு மூடி, சில நிமிடம் குலுக்குங்கள். உப்புத் தூள் பாட்டிலின் சுவரில் ஒட்டினால் சோளத்தில் ஈரம் அதிகம், வெயிலுக்குப் போக வேண்டும். ஒட்டாவிட்டாலும் அது சுமார் 15 சதவீதத்துக்குக் கீழே என்றுதான் பொருள். வைத்துச் செலவழிக்க 12 சதவீதம் ஒட்டி வேண்டும், ஆகவே இன்னும் இரண்டு வெயில் காட்டுங்கள். கடித்தால் நசுங்காமல் 'டக்'கென்று உடைய வேண்டும். மூட்டைகளைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள்.

சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவன ஆய்வகம் இருக்கிறது. மாதிரி கொடுத்தால் புரதம், கால்சியம், அஃப்ளாடாக்சின் எல்லாம் பார்த்துச் சொல்வார்கள்.

பழைய மேற்பார்வையாளர்:

கணக்கர் தம்பி சொன்னதில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. கருவாட்டுத் தூளையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மணி. ஒருமுறை எங்கள் பண்ணைக்கு வந்த மீன் தூளில் பாதி உப்பு. சாயங்காலத்துக்குள் கொட்டகை முழுக்கத் தண்ணீர்க் கழிச்சல். கோழிகள் குடிநீர்க் குழாயை விட்டு நகரவே இல்லை. காலையில் நாற்பதுக்கு மேல் எண்ணினோம். அதிலிருந்து எந்த மீன் தூள் வந்தாலும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவேன். வீட்டில் சிரிப்பார்கள்.

கலவைக்கு வருகிறேன். குஞ்சுத் தீவனத்தை மட்டும் எப்போதும் கடையிலேயே வாங்குங்கள். அதில் புரதம் 20 சதவீதம் வேண்டும், ரத்தக்கழிச்சலுக்கான மருந்தும் சேர்ந்து வரும், குஞ்சுக்கு மொத்தமாகத் தேவைப்படுவதே ஆளுக்கு இரண்டு கிலோவுக்குள். அதில் மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகாது. மற்ற இரண்டையும் நீங்களே கலக்கலாம்.

வளரும் கோழிக்கு 100 கிலோ செய்ய: மக்காச்சோளம் 50, எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு 22, சோயா புண்ணாக்கு 14, சூரியகாந்திப் புண்ணாக்கு 10, சுண்ணாம்புக்கல் தூள் ஒன்றரை, டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்) 1.2, உப்பு 300 கிராம், வைட்டமினும் நுண்தாதுக்களும் அமினோ அமிலமும் சேர்ந்த பிரிமிக்ஸ் 1 கிலோ. முட்டையிடும் கோழிக்கு: மக்காச்சோளம் 55, சோயா புண்ணாக்கு 24, தவிடு 9, சுண்ணாம்புக்கல் 9, டி.சி.பி. ஒன்றரை, உப்பு அதே 300 கிராம், பிரிமிக்ஸ் 1.2. முதலாவதில் புரதம் பதினாறு பதினேழு, கால்சியம் ஒன்று. இரண்டாவதில் புரதம் பதினேழு, கால்சியம் மூன்றே முக்கால். பிரிமிக்ஸ் அளவு அதன் பையில் எழுதியிருப்பதே கணக்கு, என் கணக்கு இல்லை.

கலப்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு கிலோ பிரிமிக்ஸை 100 கிலோ குவியலின் மேல் தூவிவிட்டு மண்வெட்டியால் நான்கு புரட்டுப் புரட்டினால் ஒரு கோழிக்கு எல்லா வைட்டமினும், பத்துக் கோழிக்கு ஒன்றுமில்லை. முதலில் அதை இரண்டு கிலோ சோள மாவில் கையால் பிசிறுங்கள். அதைப் பத்துக் கிலோவில். பிறகுதான் பெரிய குவியல். குவியலை முழுதாக இடம் மாற்றி, மறுபடி மாற்றி, மூன்றாவது முறையும் மாற்றுங்கள். இடுப்பு வலிக்கும்.

சோளத்தை மாவாக அரைக்காதீர்கள், ரவைக்கும் பெரிதாக உடைந்தால் போதும். கோழி பெரிய துண்டுகளை முதலில் பொறுக்கும். அடியில் மிஞ்சும் தூளில்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தாது உப்பும் வைட்டமினும் இருக்கின்றன. அதனால் நாளுக்கு ஒருமுறை தொட்டி காலியாகித் தூளையும் நக்கி முடித்த பிறகு அடுத்த தீவனம் போடுங்கள். தொட்டி எப்போதும் வழிய இருப்பது அன்பு மாதிரித் தோன்றும், கெடுதல்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி, எப்போது மாற்றுவது. கடையில் வாரக் கணக்குச் சொல்வார்கள். நான் கோழியைப் பார்க்கச் சொல்வேன். பதினாறு, பதினேழு வாரத்தில் சில கோழிகளின் கொண்டை பெரிதாகிச் சிவக்கத் தொடங்கும். முதுகில் கை வைத்தால் ஓடாமல் சிறகை விரித்துப் பதுங்கும். ஆசனவாய்க்கு இருபுறமும் இருக்கும் எலும்புகளுக்கு நடுவே முன்பு ஒரு விரல்தான் நுழைந்திருக்கும், இப்போது இரண்டு நுழையும். அந்த நேரத்தில் கோழி தன் எலும்புகளுக்கு உள்ளே கால்சியச் சேமிப்பு ஒன்றைத் தயார் செய்கிறது. முதல் முட்டைக்குப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன் நடப்பது இது. அப்போது 1 சதவீதம் போதாது, 4 சதவீதமும் கூடாது. இரண்டும் கெட்டான் காலம். கடையில் இதற்குப் பிரி-லேயர் என்று தனி மூட்டை உண்டு. உங்களுக்கு அது வேண்டாம். மேலே சொன்ன இரண்டு கலவையையும் சரிபாதியாகக் கலந்தால் கால்சியம் இரண்டரைக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும். பிரி-லேயரும் அதுவேதான்.

பிறகு நூற்றுக்கு ஐந்து முட்டை விழுந்ததும் முழு லேயர் கலவை. ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். சொல்கிறேன், ஏன் என்று. வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வருடம். ஒரு தொகுதி கோழிகள் திடீரென்று முட்டைக்கு ஏறின. குரோயர் தீவனம் இரண்டு டன் மிச்சம் இருக்கிறது, தீர்த்துவிட்டு மாற்றலாம் என்றார் முதலாளி. நானும் தலையாட்டினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கூண்டு வரிசையில் போனால், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோழிகள் ஒருக்களித்துப் படுத்திருக்கின்றன. கண் தெளிவாக இருக்கிறது, கொண்டை சிவப்பாக இருக்கிறது, எழ முடியவில்லை. ஒன்றைத் தூக்கினேன். சிறகைப் பிடித்த இடத்தில் எலும்பு சுள்ளி ஒடிவதுபோல் ஒடிந்தது. தீவனத்தில் கால்சியம் இல்லாததால் தன் எலும்பைக் கரைத்துக் கரைத்து ஓடு செய்திருக்கிறது. கூண்டுச் சரிவில் அதன் முட்டை உருண்டு கிடந்தது. ஓடு நன்றாகவே இருந்தது. அந்த ஓட்டைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

கணக்கு இதுதான். 55 கிராம் முட்டையில் ஓடு ஐந்தரைக் கிராம். அதில் கால்சியம் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். கோழி தின்னும் கால்சியத்தில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும். ஆக நாளுக்கு நான்கு கிராம் தின்ன வேண்டும். 110 கிராம் தீவனம் எடுக்கிறது என்றால் அதில் மூன்றே முக்கால் சதவீதம் இருந்தால் கணக்கு நேராகிறது. கோடையில் தீவனம் 90 கிராமாகக் குறையும், கணக்கு உதைக்கும், ஓடு மெலியும். கோழி வாயைப் பிளந்து இரைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயுவும் வெளியே போய்விடுவதால் ஓடு இன்னும் மெலியும். அதற்கு வெயில் ஏறுமுன் காலை ஐந்தரைக்கு ஒருமுறை, வெயில் தாழ்ந்து ஒருமுறை தீவனம் போடுவதைத் தவிர வேறு மந்திரம் இல்லை. பெரிய பண்ணைகளில் நடுராத்திரியில் ஒரு மணி நேரம் விளக்கைப் போட்டுத் தின்னவைப்பார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதைச் சின்னப் பண்ணைக்காரர்கள் யாரும் செய்வதில்லை. முட்டைக்கு ஓடு கட்டப் பிடிக்கும் நேரம் சுமார் 20 மணி. அதில் பெரும்பங்கு இரவில், கோழி தூங்கும்போது. தூளாகப் போட்ட சுண்ணாம்பு இருட்டுவதற்குள் குடலைக் கடந்துவிடும். ஆகவே அந்த 9 கிலோவில் பாதிக்கு மேல் தூளாக இல்லாமல் குருணையாக, இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் அளவில் வாங்குங்கள். கடையில் கிரிட் என்று கேட்டால் தருவார்கள், கிளிஞ்சல் கிரிட்டும் சரி, கல் கிரிட்டும் சரி. அது இரைப்பையில் தங்கி இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். உங்களுடையது தரை வளர்ப்பு என்பதால், சாயங்காலம் நாலரைக்கு ஒரு தனித் தட்டிலும் கொஞ்சம் வைத்துப் பாருங்கள். என்ன நடக்கிறது என்று நீங்களே வந்து எழுதுங்கள்.

வெளிச்சம்: 18 வாரத்துக்குப் பிறகு, எடை வந்திருந்தால், வாரம் அரை மணி கூட்டி 16 மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எடை வராவிட்டால் பொறுங்கள். 45 வாரம் தாண்டினால் புரதத்தை ஒரு சதவீதம் குறைத்துக் கிரிட்டைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். அது அப்புறம் பேசலாம்.

கொல்லைக்கோழி:

மேற்பார்வையாளர் ஐயா, கோழிதான் வேறு என்றீர்களே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மஞ்சள் கருவின் நிறத்தில் எங்கள் கோழிதான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய மேற்பார்வையாளர்:

விட்டுக்கொடுக்க வேண்டாம். அது புல்லும் கீரையும் தின்பதால் வருவது. அகத்தி, முருங்கை, குதிரைமசால் எதைக் கொடுத்தாலும் லெகார்னுக்கும் அந்த நிறம் வரும். மக்காச்சோளமும் கொஞ்சம் தரும். நீங்கள் போடும் கம்பு தராது. நிறத்துக்கும் சத்துக்கும் சம்பந்தம் குறைவு, சந்தையில் விலைக்குத்தான் சம்பந்தம் அதிகம்.

முசிறி மருமகள்:

ஐயா, ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், சோள அறுவடை.

நீங்கள் சொன்னதுபோலவே இன்னும் ஐந்து கோழிகள் போயின, கடைசியாகப் போனது 17 வாரத்தில். இப்போது 108. தொட்டி மூன்று கூட்டினேன். 18 வாரத்தில் எடை பார்த்தபோது பெரும்பாலும் 1,150-க்கு மேல் வந்துவிட்டன. ஒரு ஏழெட்டு மட்டும் தேறவே இல்லை, அவற்றைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

கலவையை நானே செய்கிறேன். நீங்கள் எழுதிய இடுப்பு வலி உண்மை. கொழுந்தனின் சோயா மொச்சையைச் சுண்டல் செய்து தின்றுவிட்டோம்.

முதல் முட்டை 19 வாரமும் இரண்டு நாளும் ஆனபோது. 41 கிராம். மாமியார் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். அன்றைக்குப் பாதிக்குப் பாதிக் கலவையில் இருந்தோம். ஒரு வாரத்தில் நாளுக்கு ஆறு முட்டை ஆனதும் லேயருக்கு மாறிவிட்டேன்.

கிரிட் தட்டைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். முதல் நாள் எல்லாக் கோழிகளும் ஓடிவந்தன, சோளம் என்று நினைத்து. கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. மூன்றாம் நாளிலிருந்து வேடிக்கை. கொண்டை சிவந்தவை மட்டும் சாயங்காலம் தட்டைச் சுற்றி நின்று, சத்தமே இல்லாமல், அரிசி பொறுக்குவதுபோல் பொறுக்குகின்றன. கொண்டை வெளிறியவை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அதே கிரிட்டைக் காலையில் வைத்தால் இவையும் சீந்துவதில்லை.

ஒரு சந்தேகம். நேற்றும் முந்தாநாளும் ஒவ்வொரு தோல் முட்டை விழுந்தது, கையில் எடுத்தால் நீர் நிரம்பிய பலூன்போல் இருக்கிறது. சுண்ணாம்பைக் கூட்டட்டுமா?

பழைய மேற்பார்வையாளர்:

கூட்டாதீர்கள். புதிதாக இடத் தொடங்கும் கோழிக்கு முதல் சில நாள் கணக்குத் தவறும், ஓடு கட்டுவதற்குள் முட்டை இறங்கிவிடும். இரண்டு வாரம் பாருங்கள். கூடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் தோல் முட்டை நிலைத்து வந்தால் அப்போது பேசுவோம். விழுந்ததை உடனே எடுத்துவிடுங்கள். கொத்தித் தின்று ருசி கண்டுவிட்டால் பிறகு நல்ல முட்டையையும் விடாது.

பிரித்து வைத்த எட்டுக்கு லேயர் கலவை போகவில்லையே? அவை இன்னும் குரோயரில்தான் இருக்க வேண்டும். வயது ஒன்றுதான், ஆனாலும்.

முசிறி மருமகள்:

போகவில்லை, ஐயா. அவற்றுக்குத் தனி வாளி. சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன், பிள்ளைகள் மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்று.

தோல் முட்டை நான்கு நாளாக இல்லை. இன்று 61 முட்டை.

காலையில் கிரிட் தீர்ந்துவிட்டது. இரண்டாவது கடை பூட்டியிருந்ததால் பழைய கடைக்கே போக வேண்டியதாயிற்று. பத்துக் கிலோ கிரிட் கேட்டேன். "அட, முட்டைக்கு வந்துவிட்டதா? நான் சொல்லவில்லையா, சீக்கிரம் வரும் என்று?" என்றார். ஒன்பது கோழி, என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. சில்லறை எண்ணிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.